கறுத்துப்போன சணப்பு நார்

உங்கள் பாடப்புத்தகத்தில் நார்ப்பயிர் பற்றி நாலு வரி இருக்கிறது. சணப்புத் தண்டை நீரில் ஊறவைத்து நார் எடுப்பார்கள் என்று அதில் முடித்துவிட்டார்கள். எத்தனை நாள் ஊறவேண்டும், எதை வைத்து அமுக்கவேண்டும், ஒரு நாள் கூடிப்போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் இல்லை. எட்டாவது வரை படித்த நான் புத்தகத்தைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்த ஒரு நாள் கூடியதில் நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும்.

எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமான அடுத்த வருஷம் மழை சரியாக இல்லை. வேங்கிக்கால் பக்கத்தில் நமக்கிருந்த துண்டு நிலத்தில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. சேற்றை வாரினால் ஊற்றுக்கண் திறக்கும் என்றார் உங்கள் மாமா. அம்மாவின் அண்ணன்தான்; கிணற்றில் இறங்கி வேலை செய்து பழகியவர். இறங்கக் கயிறு வேண்டுமே, பழைய தேங்காய்நார்க் கயிறு நைந்து கிடந்தது. உரத்துக்காக மடக்கி உழுத சணப்பில் ஒரு ஓரத்தை மட்டும் உழாமல் விட்டிருந்தேன். ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. "கயிறு நான் திரிச்சுத் தரேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

சணப்புத் தண்டில் வெளியே பட்டை, பட்டையோடு நார், நடுவில் வெள்ளையாக ஒரு குச்சி. அந்தக் குச்சியைத் தக்கை என்போம், அடுப்பெரிக்க நன்றாக இருக்கும். நாரையும் தக்கையையும் ஒரு பசை பிடித்துவைத்திருக்கிறது. கட்டுக் கட்டாகத் தண்ணீரில் அமுக்கிவைத்தால் பசை அழுகி நார் விட்டுக்கொடுக்கும். இதற்குத்தான் ஊறல் என்று பெயர். ஊறல் கம்மியானால் நார் தக்கையை விடாது. ஜாஸ்தியானால் பசையோடு நாரும் அழுகும். பார்வைக்கு நார் மாதிரியே இருக்கும், பாரம் ஏறினால் பஞ்சாகப் பிய்ந்துவிடும்.

ஏரிக்குள் ஒரு குட்டையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அங்கே அமுக்கிவைக்கக் கல் கிடைக்கவில்லை. மண்ணைப் போட்டால் கரைந்துவிடும். அங்கேயே வெட்டிக் கிடந்த பச்சைக் கருவேலங்கட்டைகளைக் குறுக்கே போட்டு, அவை மிதக்காமல் இருக்க, வீட்டில் கிடந்த பழைய வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவை மேலே ஏற்றினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

எடுக்கும்போது குட்டை நாறியது, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இழுத்தேன். நார் தக்கையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் வெள்ளையாக வரவேண்டியது சிலேட்டுக் கறுப்பாக இருந்தது. எத்தனை முறை அலசியும் போகவில்லை. காயவைத்து, மூன்று புரி முறுக்கி, கயிறாகவும் திரித்துவிட்டேன்.

கிணற்று மேட்டில் கயிற்றைப் பார்த்ததும் மாமா சிரித்தார். "இன்னா மாப்ள, கயிறு திரிச்சியா, எருமை வாலை அறுத்துகினு வந்தியா?"

"நிறத்துல இன்னா இருக்குது மச்சான்?"

"தொங்கப் போறது நானாச்சே. அழுகின நார்தான் கறுக்கும்."

உங்கள் அம்மா கூழ்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து கயிற்றை முகர்ந்து பார்த்தாள். "அது அழுகல் இல்லண்ணா. பச்ச வாழைக்காயை அருவாமணையில நறுக்குனா கை கறுத்துப் போவல? வேலங்கட்டை மேல இரும்பைப் போட்டு வெச்சிருந்தாரு. கட்டையோட துவர்ப்பு இரும்புல பட்ட கறை அது."

"அட, ஆமாம்ல!" என்றார் மாமா. கயிற்றை ராட்டினத்தில் கோத்து, நுனியில் கால் வைக்க வளையம் போட ஆரம்பித்துவிட்டார். அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. எனக்குத் தீரவில்லை. அவள் சொன்னது நிறத்துக்கு மட்டும்தான் பதில். இன்னொன்று அவளுக்கே தெரியாது. அவர் வளையத்துக்குள் காலை வைத்தபோது கயிற்றை எட்டிப் பிடித்தேன்.

"மச்சான், ஒரு நாள் கூடிப்போச்சு."

"எது?"

"ஊறல். நாலாம் நாள் எடுத்திருக்கணும். காளை பாக்கப் போன எடத்துல தங்கிட்டேன். அஞ்சாம் நாள்தான் எடுத்தேன்."

"இதை இப்பவா சொல்றீங்க?" என்றாள் உங்கள் அம்மா.

"இப்பனாச்சும் சொன்னாரே. நான் பாதிக் கிணத்துல தொங்குறப்ப சொல்லியிருந்தா?" என்று மாமா காலை வெளியே எடுத்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. கயிற்று நுனியைப் பிரித்து விரல் மொத்தத்துக்கு நார் எடுத்து, நனைத்து, இரண்டு கையிலும் சுற்றி வெடுக்கென்று இழுத்தார். அது பிய்ந்து வரவில்லை, அவர் கைதான் சிவந்தது. பிறகு ஒரு சாக்கில் அவர் எடைக்கு மேலேயே கிணற்று மேட்டுக் கல்லை நிரப்பி, மூன்று தடவை கிணற்றுக்குள் இறக்கி ஏற்றினோம். ஒவ்வொரு தடவையும் கயிறு முனகியது. ஒரு இழைகூட எழும்பவில்லை.

"சரி, எங்க வேலைல ஒரு முறை இருக்குது. கயிறு திரிச்சவன்தான் மொதல்ல இறங்கணும்" என்றார். அப்படி ஒரு முறை உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. வளையத்தில் காலை வைத்தேன்.

கறுப்புக் கயிறு மூக்குக்கு நேராக இருந்தது. அதைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் இறங்கினேன். கால் சில்லென்று சேற்றில் புதைந்தது.

"மாப்ள, சத்தமே காணோம்? பேசு, உன் பொண்டாட்டி அழறா!"

"நான் ஒண்ணும் அழல" என்று மேலேயிருந்து அவள் குரல் கேட்டது. மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"கூடையை எறக்குங்க" என்று கத்தினேன். என் குரல் சுவரெல்லாம் முட்டிவந்து என்னிடமே திரும்பியது. அவ்வளவு சந்தோஷமான சத்தத்தை நான் அதுவரை போட்டதில்லை.

அப்புறம் அவர் இறங்கினார், நான் மேலே கயிறு பிடித்தேன். மதியத்துக்குள் ஒரு மூலையில் ஊற்று கசிந்தது. கயிற்றிலிருந்து உள்ளங்கையில் ஒட்டிய கறுப்பு சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தக் கையாலேயே இரண்டு சொம்பு கூழ் வாங்கிக் குடித்தேன்.