அமெரிக்கக் குடிப்படைக் கடிதங்களும் எங்கள் அண்ணனும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய தங்கையாகிய நான், எனக்குத் தெரிந்த அண்ணனைப் பற்றி எழுதுவது இது.

நாகப்பட்டினத்தை அடுத்த கடலோரச் சிற்றூரில் அவர் பிறந்தார். தகப்பனார் காலமானதும் அம்மாவையும் என்னையும் கப்பலேற்றி இரங்கூனுக்கு அழைத்து வந்து, துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். தாம் அரைவயிறு உண்டு எங்களை நிறைவாக உண்ணவைத்த காலத்தை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

தம் நாட்டுக்குத் திரும்பிய ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, எழுதுமேசை ஒன்றை வாங்கினார். இழுப்பறையில் பழைய கடிதக் கட்டு ஒன்று கிடந்தது. அமெரிக்கா தனி நாடான தொடக்க காலத்தில் உழவர்களும் கடைக்காரர்களும் தாங்களே துப்பாக்கி ஏந்திய குடிப்படைகள் இருந்தனவாம். அப்படி ஒரு படையின் தலைவர் தம் வீட்டுக்கு எழுதியவை அவை. பனி விட்டதும் குதிரையேறி வீட்டுக்குப் புறப்படுவதாகக் கடைசிக் கடிதம் சொன்னது. அதன்பின் ஒன்றும் இல்லை.

அந்தக் கையெழுத்து அண்ணனைப் பிடித்துக்கொண்டது. கப்பல்காரர்களிடம் சொல்லிவைத்தும், அந்நாட்டு வியாபாரிகளுக்கு எழுதியும், அத்தகைய படைத் தலைவர்களின் கடிதங்களைத் தேடிச் சேர்த்தார். மழைக்காலம் முடிந்ததும் அவற்றைக் கொசுவலைமேல் பரப்பி உலர்த்துவார். மூடுபனியில் ஆற்றின் அக்கரையான டாலா மறையும் காலைகளில், ஆற்றைப் பார்த்தபடி வேலைக்குப் போவதையும் மறந்து நிற்பார். அப்போது அவர் எங்களோடு இல்லை என்று தோன்றும்.

"யாரோ யாருக்கோ எழுதினதை நீங்க எதுக்குங்க காயப்போடுறீங்க?" என்று அண்ணி கேட்பார்.

"இந்த மனுஷன் வீடு போய்ச் சேர்ந்தாரான்னு தெரியலையே. தெரியிற வரைக்கும் இருக்கட்டும்."

ஒருநாள், கடிதங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, பக்கத்து ஊரான இன்சீனிலிருந்து வயதான அமெரிக்க ஆசிரியை ஒருவர் வந்தார். ஊர் திரும்பிய குடும்பம் அவருடைய உறவினர்கள். மேசை விற்கப்பட்டபோது அவர் வடக்கே மாந்தலை நகரில் இருந்திருக்கிறார். கையொப்பத்தைக் கண்டதும் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி பார்த்தார். அது அவருடைய கொள்ளுப்பாட்டனார் எழுத்து.

அண்ணன் மெல்லக் கேட்டார்: "அவர் வீட்டுக்கு வந்தாரா, அம்மா?"

"வந்தார். வந்த பிறகு பிறந்த பெண்ணின் பேத்திதான் நான்."

அண்ணன் கண்களைத் துடைத்துக்கொண்டு முழுக் கட்டையும் அவர் கையில் வைத்தார். ஆசிரியை கடைசிக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் திருப்பித் தந்தார்.

சென்ற மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அண்ணனை விடவில்லை. கடைசி நாள் காலையில் விழித்து, "குதிரைக்குத் தீனி வச்சாச்சா?" என்றார். எங்கள் வீட்டில் என்றுமே குதிரை இருந்ததில்லை.

அண்ணி அவர் நெற்றியைத் தடவி, "வச்சாச்சுங்க. நீங்க தூங்குங்க" என்றார். அண்ணன் முகம் தெளிந்தது. அந்தத் தூக்கத்திலேயே அமைதியாகப் போய்விட்டார்.

பத்தியக் கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி டோ மியாவுக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த வைத்தியருக்கும், தோள்கொடுத்த துறைமுகத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. அந்த அமெரிக்க ஆசிரியைக்கும் எங்கள் வணக்கம். இந்த ஓராண்டாக அவர் இன்சீனிலிருந்து ரயிலேறி வந்து அண்ணிக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறார். சென்ற வாரம் அண்ணி அந்தக் கட்டிலிருந்த ஒரு கடிதத்தின் முதல் வரியை விரல் வைத்து, எழுத்துக்கூட்டித் தாமே படித்தார்.

"என் அன்புள்ள மனைவிக்கு" என்று இருந்தது.