கிளப்புவதற்கு முன் ஒரு மிஸ்டு கால்

அந்தக் காரை நான் வீட்டுக்கு இழுத்து வந்த அன்று என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "இதுல எங்கன உக்கார்றது?" என்பதுதான். நியாயமான கேள்வி. இருக்கை இருந்த இடத்தில் நாலு ஸ்பிரிங் நீட்டிக்கொண்டிருந்தது. தரை முழுக்க மிளகாய் வற்றல் தூள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு மூன்று தும்மல் வந்துவிட்டது.

விருதுநகரில் ஒரு வியாபாரக் குடும்பத்தின் மிளகாய்க் குடோனுக்குப் பின்னால் அது பல வருடமாகக் கிடந்தது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, மேலே மடக்குகிற துணிக்கூரை. அந்தக் காலத்துச் சீமை ஸ்போர்ட்ஸ் கார். மேலேயும் உள்ளேயும் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். லேபிள் அடிக்கிற அச்சு இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். அவர்கள் வீட்டுப் பிரஸ்ஸில் ஒரு வேலைக்காகப் போனபோது அதைப் பார்த்தேன், பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தூக்கிட்டுப் போங்கய்யா, எடமாவது காலியாகட்டும்" என்றார். மிளகாய் நெடிக்குப் பயந்து எலி அண்டாததால் வயர்கள் எல்லாம் பிழைத்திருந்தன. அதைச் சொல்லித்தான் மனைவியிடம் என் கட்சியைப் பேசினேன். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆமத்தூரில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதற்குள்தான் இரண்டு வருடம் அந்த வண்டியைப் பிரித்தேன், கழுவினேன், மறுபடி மாட்டினேன். கிடைக்காத பாகத்தை விருதுநகர் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு போல்ட் கழலவில்லை என்றால் அதன் பரம்பரையையே திட்டுவேன். அப்படி நான் திட்டுகிற சத்தம் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கொட்டகைக்கு வந்தார்.

அவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். பட்டாசுக்குள் போகிற ரசாயனக் கலவையைத்தான் நாங்கள் மருந்து என்போம். வேலை விட்டு வரும்போது கை இரண்டும் முழங்கை வரை அலுமினியப் பொடி ஏறி வெள்ளியாக மின்னும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மிச்சம் இருக்கும். அவர் மனைவி என்னை அண்ணே என்பாள், அந்த முறையில் அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். சொந்தமெல்லாம் ஒன்றும் கிடையாது, சுவர்தான் ஒன்று.

மாப்பிள்ளை கொட்டகைக்குள் நுழையும்போதெல்லாம் வாசலில் இருக்கும் தண்ணீர்க் குழாயை ஒரு தரம் உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் வருவார். கம்பெனியில் மருந்து அறைக்குள் போகுமுன் உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக ஒரு தகட்டைத் தொடவேண்டும், அந்தப் பழக்கம். நான் சுத்தியலை எடுத்தால் முகம் சுளிப்பார். "இரும்பை இரும்பால அடிக்காதீக மச்சான். பொறி தெறிக்கும்." மறுநாள் ஒரு மரச்சுத்தி கொண்டுவந்து கொடுத்தார். உண்மையில் அதை வைத்து அவர் தட்டிய பிறகுதான் வண்டியின் தகடுகள் நெளியாமல் நிமிர்ந்தன. என் கையில் அவசரம், அவர் கையில் நிதானம். அவசரப்பட்ட நாளன்று செத்துப்போகிற தொழில் அவருடையது.

வண்டிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டேன். "எதையாவது அடிங்க, சில்வர் மட்டும் வேண்டாம். அதைத்தான் நான் தினமும் கழுவிக்கிட்டு இருக்கேனே" என்றார்.

நடந்ததைச் சொல்லுமுன் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கேயாவது வெடிவிபத்துச் சத்தம் கேட்டால், சுற்றியுள்ள கம்பெனிகளில் எல்லாரும் வெளியே ஓடி வருவார்கள். போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டில் வாட்ச்மேனிடம் இருக்கும். அதை வாங்கி வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். எடுக்கக்கூடாது, பேசக்கூடாது. ஒரு மணி அடித்து நின்றால் ஆள் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எல்லாரும் பேச ஆரம்பித்தால் லைன் கிடைக்காது, ஒரு மணி அடிக்க எப்படியும் கிடைத்துவிடும். யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் இது தெரியும்.

இனி என் முட்டாள்தனம். ஒரு வேலைநாள், காலை பத்து மணி இருக்கும். எஞ்சினை மாட்டி முடித்து, என் பைக்கிலிருந்த பெட்ரோலை டியூப் வைத்து உறிஞ்சி காரில் ஊற்றி, முதல் முறையாகக் கிளப்பினேன். பிளக் வயர்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக மாட்டியிருந்தேன். அச்சு இயந்திரத்தில் மை மஞ்சள் முதல் கறுப்பு வரை வரிசையாக வரும், அந்தப் புத்தி. இந்த எஞ்சினில் பொறி விழவேண்டிய வரிசையோ ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. எரியாத பெட்ரோல் எல்லாம் புகைக்குழாயில் போய்ச் சேர்ந்து, படார் என்று வெடித்தது. தகரக் கொட்டகை அந்தச் சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கித் தெருவுக்கு அனுப்பியது. இன்னொரு தரம் சாவியைத் திருப்பினேன். இன்னொரு படார்.

பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, காரென்று தெரிந்து, சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அப்போதுதான் வரிசை உறைத்தது. கால் மணி நேரத்தில் வயர்களை மாற்றி மாட்டினேன். மூன்றாவது முறை சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இரண்டு வருட உழைப்பு எண்ணெய் ஒழுக்குப் போல ஒரே சீராக ஓடுகிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, பொய் சொல்லவில்லை.

அப்போது மனைவி ஓடிவந்து பானெட்டில் ஓங்கி அறைந்தாள்.

"நிறுத்துங்க இதை! நீங்க போட்ட வெடியில அவ ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கா!"

பக்கத்து வீட்டுத் தங்கச்சி தெருக்கோடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அங்கிருந்து கேட்டவளுக்குக் கார் என்று எப்படித் தெரியும்? குடத்தை வைத்துவிட்டு, மடியிலிருந்த போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். மணி அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? கம்பெனியில் ஒன்றுமே நடக்கவில்லை. அவர் பாட்டுக்கு மருந்து கலக்கிக்கொண்டு இருந்தார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு அவள் சிவகாசி ரோட்டில் ஓட ஆரம்பித்துவிட்டாள்.

பைக்கில் பெட்ரோல் இல்லை. காரில் எனக்கு உட்கார ஒரு பலகை மட்டும் இருந்தது. பிரேக் பிடிக்குமா என்று ஓட்டிப் பார்த்ததில்லை. அப்படியே வெளியே எடுத்தேன். ஒரு கிலோமீட்டர் தாண்டி அவளைப் பிடித்தேன். செருப்பு இல்லை, முந்தானை ஈரம், கையில் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"தாயி, ஒண்ணுமில்ல. அது என் வண்டிச் சத்தம்."

"போன் வரலையே அண்ணே."

"ஒண்ணும் நடக்கல, அதனாலதான் வரல."

"போன் வரலையே" என்றாள் மறுபடி. நான் சொன்னது காதில் ஏறவே இல்லை. அவள் பிறந்த வீட்டில் ஒருவருக்காக இப்படிக் காத்திருந்து, கடைசிவரை மணி அடிக்காமலே போன கதை எனக்குத் தெரியும். "எனக்கு அவுகளக் கண்ணால காட்டுங்க" என்றாள். என் பக்கத்தில் வெறும் தரையில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்தேன். அந்த வண்டியில் ஏறிய முதல் ஆள் அவள்தான். எத்தனை கழுவியும் இடுக்கில் தங்கியிருந்த மிளகாய்த் தூள் வழியெல்லாம் பறந்து இருவருக்கும் கண் எரிந்தது. அவள் அழுதது அதனால் மட்டும் இல்லை.

கம்பெனிக்கு நூறு அடி முன்பே வாட்ச்மேன் கை காட்டி மறித்தார். சூடான எஞ்சினோடு பக்கத்தில் விடமாட்டார்கள். நான் அங்கேயே அணைத்துவிட்டேன், அவள் இறங்கி ஓடினாள். உள்ளே ஆள் போய், மாப்பிள்ளை வெளியே வந்தார். வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அவர் முகம் செத்திருந்தது. அவள் போன் பிடித்த கையாலேயே அவர் நெஞ்சில் அடித்தாள்.

"ஏன் போன் போடல? ஏன் போடல?"

"எதுக்குப் போடணும்? என்னாச்சு?"

அவர் அவள் தோளைப் பிடித்தார். ரவிக்கையில் ஐந்து விரலும் வெள்ளியாகப் பதிந்தது. அப்புறம்தான் தூரத்தில் நின்ற காரைப் பார்த்தார். "மச்சான், ஓடிருச்சா!" என்று அங்கிருந்தே கத்தினார். அம்புட்டுச் சந்தோஷம் அந்தக் குரலில். எனக்கோ பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய், வண்டியை விற்றுவிடுகிறேன் என்றேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் என் மேல் இருந்த கோபம். தங்கச்சிதான், "அவுக தட்டி நிமித்துன தகடு அது. விக்காதீக. கிளப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, நான் வண்டின்னு நெனைச்சுக்கிடுதேன்" என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் முறை. வயர் சரியானபின் வண்டி ஒரு தரம்கூட வெடிக்கவில்லை. இருந்தாலும் சாவியைத் தொடுமுன் அவளுக்கு ஒரு மணி அடித்துவிடுவேன். இருக்கை வந்தது, துணிக்கூரை வந்தது, கரும்பச்சை நிறம் அடித்தோம். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஓட்டக் கற்றுக்கொண்டார், ஸ்டியரிங்கைத் தொடுமுன் குழாயைத் தொட்டுவிட்டு.

சென்ற தீபாவளி சீசனில் ஒரு நாள், மதியத்துக்குச் சற்று முன். கொட்டகையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு சத்தம். காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்தது. என் போன் அடித்தது, நிற்காமல் அடித்தது. எடுத்தேன்.

"அண்ணே, வண்டியா?"

பானெட்டின் மேல் கை வைத்திருந்தேன். அது ஜில்லென்று இருந்தது. ஆமாம் தாயி, வண்டிதான் என்று சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பேசாமல் நின்றேன். அவள் வைத்துவிட்டாள்.

அடுத்த நிமிடம் கொட்டகைக்கு வந்தாள். காரின் கதவைத் திறந்து, என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டாள். நானும் ஏறி உட்கார்ந்து சாவியை எடுத்தேன்.

"கிளப்பாதீக" என்றாள். "போன் சத்தம் கேக்காது."

மூன்று பேரும் அப்படியே இருந்தோம், நானும் அவளும் உள்ளே, என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மடியில் இருந்த போன் ஒரு தரம் அடித்து நின்றது. அவள் அதை எடுக்கவில்லை, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு எதிர்வீட்டில் ஒன்று அடித்து நின்றது. அதற்கடுத்த வீட்டில். தெருவில் கம்பெனி வேலைக்கு ஆள் போயிருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மணி அடித்து நிற்க, மனைவி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்றும் குறையவில்லை.

தங்கச்சி இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பக் கிளப்புங்க அண்ணே, பரவாயில்ல" என்றாள்.

நான் சாவியைக் கொண்டுபோய் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டேன். பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் இன்னும் யாரோ போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்று முழுக்க வண்டியை எடுக்கவில்லை.