உன்ஹத்தர் என்று ஓர் எண்

பிள்ளைகளா, போனில் யாராவது ஹிந்தியில் நம்பர் சொன்னால், "ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்று நான் கேட்பதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். "இத்தனை வருஷமா தில்லியில இருக்கீங்க, நூறு வரைக்கும் எண்ணக்கூடத் தெரியாதாப்பா?" என்று சின்னவள் அன்றைக்குக் கேட்டாள். இப்போது தெரியும். அப்போது தெரியவில்லை. வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். மெதுவாகப் படியுங்கள். புரியாத இடத்தில் அம்மாவைக் கேட்கலாம், ஆனால் அவளுக்கும் இதில் பாதிதான் தெரியும்.

நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி., அதற்கு மேல் டைப்ரைட்டிங் ஹையர், அவ்வளவுதான். தில்லி வந்து நாராயணா என்கிற பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அவர்கள் சொந்தமாகக் கம்ப்யூட்டர் செய்தார்கள். அதில் ஓடுவதற்கு யூனிக்ஸ் என்ற அமெரிக்க சிஸ்டம் மாதிரியே ஒன்றும் சொந்தமாகச் செய்து வைத்திருந்தார்கள். என் கை வேகத்தைப் பார்த்துவிட்டு மேனேஜர் என்னை மெஷின் ரூமில் உட்கார வைத்தார். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தால் புரோகிராமர்களுக்கு உதவியாளனாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார். பெரியவன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். கரோல் பாக்கில் ஒற்றை அறை.

வேலை இதுதான். கம்ப்யூட்டரில் முதலில் விழித்துக்கொள்கிற புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். எங்கள் கெர்னலுக்குத் தன்னோடு என்னென்ன இணைத்திருக்கிறார்கள் என்று தானாகத் தெரியாது. நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். டிஸ்க் இந்த விலாசத்தில் இருக்கிறது, பிரிண்டர் இந்த விலாசத்தில் இருக்கிறது என்று ஒரு ஃபைலில் வரிசையாக அடிக்க வேண்டும். டிஸ்க், பிரிண்டரையெல்லாம் மெஷினோடு சேர்க்கிற சர்க்யூட் பலகைக்குக் கார்டு என்று பெயர். விலாசத்தோடு ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நம்பரும் உண்டு. கார்டுக்குக் கெர்னலின் கவனம் வேண்டுமென்றால் அந்த நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடும். கார்டில் உள்ள நம்பரும் ஃபைலில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் கெர்னல் மலைத்து நின்றுவிடும். ஃபைலில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கெர்னலை முழுசாகத் திரும்பக் கட்ட வேண்டும். அதற்கு நாற்பது நிமிஷம்.

கார்டுகளைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பஞ்சாபி. என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். நான் அவரைப் பாஜி என்பேன், பஞ்சாபியில் அண்ணன் என்று அர்த்தம். அவர் எங்கிருந்தோ 'அண்ணா'வைப் பிடித்து வைத்துக்கொண்டு, என்னை 'அண்ணாஜி' என்பார். இரண்டு வருஷமாகத் தற்காலிக வேலை. மனைவியும் குழந்தையும் அம்பாலாவில். நிரந்தரம் செய்து லெட்டர் வந்தால்தான் வீடு பார்த்து அவர்களை அழைத்துவர முடியும். அந்த வாரம் லெட்டர் வருவதாக இருந்தது. அதனால் அந்த வாரம் முழுக்கப் பாஜி ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தார்.

மே மாசம். ஒரு சர்க்கார் ஆபீஸ்காரர்கள் மறுநாள் மெஷினைப் பார்க்க வருவதாக இருந்தது. ஒரே மெஷினில் எட்டுப் பேர் வேலை செய்ய எட்டு டெர்மினல், அதாவது திரையும் கீபோர்டும், வேண்டும் என்றார்கள். அதற்குப் புதுக் கார்டு. பாஜி கேபினெட்டுக்குப் பின்னால் குந்தியபடி கார்டின் நம்பரைக் குறிக்கிற பின்களைச் சரிசெய்து, நம்பரைச் சத்தமாகச் சொன்னார். ஏ.சி. லாரி மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

"உன்ஹத்தர்!"

"அச்சா!" என்று அடித்தேன். 79.

கெர்னல் கட்டி முடிந்தது. மெஷின் எழுந்தது. டிஸ்க் வந்தது, பிரிண்டர் வந்தது. முதல் டெர்மினலில் பாஜி ஒரு கீயைத் தட்டினார். மொத்த மெஷினும் செத்தது. யாரோ தெரியாதவர் கூப்பிட்டதாகத் திரையில் ஒரு வரி மட்டும் நின்றது.

"கார்டு கராப்" என்றார் பாஜி. வேறு கார்டு போட்டார். செத்தது. மூன்றாவது கார்டு. அதுவும். எடுத்த இரண்டையும் தட்டில் போட்டு, அவர் சொல்ல நான் சிவப்புச் சீட்டில் 'பழுது' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கட்டினேன். பழைய கெர்னலுக்கு வேறு பெயர் வைத்து ஓரமாக வைத்திருந்ததால், ஒவ்வொரு தடவையும் அதைக் கொண்டு மெஷினை எழுப்ப முடிந்தது. எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து போய் ஏ.சி.க்கு முன்னால் நிற்பேன், வந்து ஃபைலைப் பார்ப்பேன், திரும்பப் போவேன்.

"பாஜி, நம்பர் இன்னொரு தடவை சொல்லுங்க."

"எத்தனை தடவைய்யா! உன்ஹத்தர், உன்ஹத்தர்!"

ஃபைலைப் பார்த்தேன். 79. சரியாகத்தான் இருந்தது.

மத்தியானம் மேனேஜர் வந்தார். வங்காளி. ஆங்கிலத்தில்தான் பேசுவார். திட்டுவதுகூட மெதுவாகத்தான். "மூணு கார்டும் கெட்டுப்போச்சா? இது ரேடியோ ரிப்பேர் கடையா?" என்று பாஜியைப் பார்த்துக் கேட்டார்.  எனக்கு என்ன தோன்றியதோ, கேபினெட்டுக்குப் பின்னால் போய் நானே பின்களை எண்ணினேன். எட்டு ஜோடிப் பின். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகிற ஓர் எண். மூடி போட்டிருந்தால் அந்த இடத்து எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அறுபத்து நாலு, நாலு, ஒன்று. மூன்று மூடிதான் இருந்தது. எழுபத்தொன்பதுக்கு ஐந்து மூடி வேண்டும்.

"சார்! பின் தப்பா வெச்சிருக்கு!" என்று கத்தினேன். கண்டுபிடித்துவிட்ட குஷியில் கத்தினேன், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

மேனேஜர் பாஜியைத் திரும்பிப் பார்த்தார். "உன் லெட்டரைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாஜி வந்து குனிந்து எண்ணினார். நிமிர்ந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதி என் மூக்குக்கு நேராகக் காட்டினார். 69.

"இது என்ன?"

"சிக்ஸ்டி நைன்."

"ஹிந்தியில?"

நான் ஃபைலில் இருந்த 79-ஐத் திரும்பிப் பார்த்தேன்.

"இதுதான் உன்ஹத்தர். நீ என்னன்னு நெனச்சே?"

இகத்தர் எழுபத்தொன்று, பகத்தர் எழுபத்திரண்டு. அப்படியானால் அத்தர் என்று முடிவதெல்லாம் எழுபதுகள்தானே? உன்னீஸ் பத்தொன்பது என்பதால் உன் என்றால் ஒன்பது, ஆக உன்ஹத்தர் என்றால் எழுபதும் ஒன்பதும் என்று என் காது தானே தீர்மானித்துவிட்டது. எழுபதுக்கு ஒன்று குறைவு என்று அர்த்தமாம். பாஜி இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். "அண்ணாஜி, சாகிப் போயிட்டாரு" என்று மட்டும் சொன்னார்.

79-ஐ 69 ஆக்கிக் கெர்னலைக் கட்டவிட்டேன். நாற்பது நிமிஷம். பாஜி வெளியே போய்விட்டார்.

அந்த நாற்பது நிமிஷத்தில் எனக்குத் தோன்றாதது இல்லை. மெஷின் சரியாகிவிடும், யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றியது. பாஜி கெட்டிக்காரர், லெட்டர் இந்த வாரம் வராவிட்டால் அடுத்த மாசம் வரும் என்று தோன்றியது. ஏ.சி. இரைச்சலில் எவனுக்குத்தான் காது கேட்கும் என்று தோன்றியது. தமிழிலும் தொண்ணூறுக்குள் நூறு உட்கார்ந்திருக்கிறதே, அதை நாம் யாராவது நூற்றுச் சொச்சம் என்று எண்ணுகிறோமா, இது எனக்கு ஏன் தோன்றாமல் போனது என்றும் தோன்றியது. திரையில் ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர் குடித்தேன். திரும்பவும் குடித்தேன். பாஜி உதவியாள் வேலைக்குப் போட்டி போடவில்லை, அவர் கேட்டது தன் பெண்டாட்டி பிள்ளையைத்தான். பாதி கட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்து மாடியில் மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், பின் சரியாத்தான் இருந்தது. நான்தான் தப்பா அடிச்சேன்."

"டைப்பிங் மிஸ்டேக்கா?"

"இல்ல சார். ஹிந்தி மிஸ்டேக்."

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். ஹிந்தியில் அறுபதிலிருந்து எண்ணிக் காட்டச் சொன்னார். அர்சட், அதாவது அறுபத்தெட்டு வரைக்கும் போய்விட்டு அடுத்ததில் நின்றேன். 

"எனக்கும் தெரியாது. அதனாலதான் நான் இங்கிலீஷ்ல சொல்றேன். நீ காதால கேட்டதை எழுதிக் காட்டிக் கேட்டிருக்கணும்."

"ஆமா சார்."

"அவன் முன்னாடி அவனையே தப்புன்னு கத்தினே."



பாஜிக்கு நிரந்தர லெட்டர் சொன்னபடி கிடைத்துவிடும் என்றார். என் உதவியாள் வேலையை இப்போதைக்கு மறந்துவிடச் சொன்னார். சர்க்கார்காரர்கள் வந்து போனதும் நான் திரும்பவும் டைப்பிஸ்ட் நாற்காலிக்கு. அப்படித்தான் ஆனது. ஒரு வருஷத்துக்கும் மேல் கடிதங்கள்தான் அடித்தேன். அம்மாவிடம் ஆள் குறைப்பு என்று சொல்லிவைத்தேன். அந்தப் பாதிதான் அவளுக்குத் தெரியாதது.

கீழே வந்தபோது கெர்னல் கட்டி முடிந்திருந்தது. பாஜியும் வந்திருந்தார். மாடிக்குப் போய் வந்ததைச் சொன்னேன். எட்டு டெர்மினலும் பேசின. எட்டாவதில் கீயைத் தட்டிவிட்டு அவர் என்னைப் பார்க்காமலே, "நீ சாகிப்கிட்ட போயிருக்க வேண்டாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "போகலேன்னா உன்னை அடிச்சிருப்பேன்" என்றார். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். வழக்கமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போவார். அன்று கூப்பிடவில்லை. நானும் பின்னாலேயே போகவில்லை.

அறையில் நான் மட்டும்தான். தட்டில் அந்த இரண்டு கார்டும் கிடந்தன. ஒன்றுமே ஆகாத நல்ல கார்டுகள். அவசரத்தில் பிடுங்கியதில் ஒன்றில் இரண்டு பின் சாய்ந்திருந்தது. இடுக்கியால் மெல்ல நிமிர்த்தினேன். சிவப்புச் சீட்டுகளின் நூல் முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு கார்டையும் துடைத்து நல்ல கார்டுகளின் அலமாரியில் வைத்தேன்.