மேடைக்குக் கீழே ஒரு நாற்காலி

ஆம்ப்ளிஃபயரிலிருந்து கிதார் ஒயரைப் பிடுங்கும்போது எழும் ‘டப்’ என்ற ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. வாசலூர்பட்டித் திருவிழா மேடையில், என் ஊரார் முன்னிலையில், எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவர் அதைச் செய்தார்.

நான் அப்போது கல்லூரி இறுதியாண்டு மாணவி. குழுவில் மெட்டை முன்னெடுத்து வாசிக்கும் லீடு கிதார் என்னுடையது. பாட்டின் இடையிசையில் ஓரிடத்தில் ஒரு நொடி நிறுத்தினேன். அடுத்த வரிக்கு முன் இசைக்கு மூச்சு வேண்டும் என்று தோன்றியது. மேடையில் அது பெருங்குற்றம். சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டதென்று சனம் எழுந்துவிடும்; ஆகவே யாரேனும் எதையேனும் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தலைவரின் சட்டம். முன்வரிசையில் சிலர் எழவும் செய்தார்கள். ஒயரைப் பிடுங்கியவர், தன் கீபோர்டால் அந்த இடத்தை நிரப்பினார். பாட்டு முடிந்ததும் மைக்கில் சொன்னார்: “பொம்பளப் புள்ளைக்குக் கை வலிக்குதாமுங்க. இனிப் பின்னால நின்னு ரிதம் கிதார் தட்டட்டும்.” கூட்டம் சிரித்தது. என் அப்பாவும் சிரித்தார். லீடு அன்றே தலைவருடைய மச்சினருக்குப் போயிற்று; நான் குழுவைவிட்டு நின்றுகொண்டேன்.

பின்னர் நான் சமூகப்பணியில் பட்டம் பெற்றேன். பழியுணர்ச்சியின் கேடுகளைப் பற்றி மணிக்கணக்கில் பேச எனக்குத் தெரியும். ஆனால் நாள்தோறும் என்னைக் கிதார் எடுக்கவைத்தது அந்த உணர்ச்சிதான்.

மரவள்ளிக் காட்டிலிருந்து அம்மா எதிர்ச்சரிவில் இருப்பவர்களைக் கூப்பிடுவார். ஒரு வரி சொல்லிவிட்டு, பள்ளத்தைக் கடந்து பதில் வரும்வரை காத்திருப்பார். இடையில் பேசினால் இரண்டு குரலும் கலைந்துவிடும். அதையே தந்தியில் பழகினேன்: கேள்வியாக ஒரு வரி, காத்திருப்பு, பதிலாக இறங்கும் இன்னொரு வரி. கேள்வியின் கடைசிச் சுரத்தை வளைத்துத் தொங்கவிட்டால், அது எங்கே இறங்குமென்று கேட்பவர் உட்கார்ந்தே இருப்பார்.

மச்சினர் காய்ச்சலில் படுத்தபோது, பேளுக்குறிச்சிக் கல்யாணக் கச்சேரிக்குத் தலைவர் என்னை அழைத்தார். கச்சேரி கெட்டால் டிரம்ஸ்காரரும் பாடகியும் பிழைப்பிழப்பார்கள். எனவே தலைவர் மட்டும் மாட்டும்படி, கிதாரும் கீபோர்டும் மட்டும் வரும் ஓர் இடையிசையைத் தேர்ந்துகொண்டேன். அங்கே சுரத்தைத் தொங்கவிட்டு நிறுத்தினேன். ஒருவரும் எழவில்லை. தலைவரால்தான் பொறுக்க முடியவில்லை, கீபோர்டில் பாய்ந்தார். மீண்டும் நிறுத்தினேன், மீண்டும் பாய்ந்தார். மணப்பெண்ணின் மாமா முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: “ஏனுங்க பொட்டிக்காரரே, அந்தப் புள்ளைய வாசிக்க உடுங்க.”

பந்தலே சிரித்தது. தலைவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

கருவிகளைக் கட்டும்போது அருகில் வந்தார். “இனி லீடு உனக்குத்தான் சாமி.”

“வாரேனுங்க,” என்றேன். “ஆனா கீபோர்டுல நீங்க உக்காரக் கூடாதுங்க.”

அவர் டிரம்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். டிரம்ஸ்காரர் தலை நிமிராமல் உறையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது தலைவர் கச்சேரி பேசி முடிப்பதோடு சரி; மேடைக்குக் கீழே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மச்சினர் கீபோர்டுக்கு மாறிக்கொண்டார்; குழுவில் வேறு எவருக்கும் வேலை போகவில்லை. அதில் கவனமாக இருந்தேன். நான் நிறுத்தும்போதெல்லாம் அவருடைய விரல்கள் தொடைமேல் துடிக்கின்றன. பாட்டுக்கு வேண்டியதைவிடச் சற்று அதிகமாகவே காத்திருக்கிறேன்.