ஞாயிற்றுக்கிழமை பெய்த மழை

என் வீட்டுக்காரர் முத்துலிங்கத்துக்குக் காலில் சக்கரம். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பேராதனையில் பௌதிகம் படித்து, தொண்ணூற்று நாலில் அங்கேயே ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக்குக் கணினி நிரல் எழுத உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். நிலநடுக்கப் பதிவுகளைப் பிரித்துப் பார்க்கும் அந்த நிரல் ஓடத் தொடங்கியதும் அவரும் ஓடிவிட்டார். அடுத்து கொழும்பில், நிலத்தடி நீருக்கு வரைபடம் போடும் ஒரு கம்பெனி. வேலை சரியாக வந்ததும் அதுவும் கசந்துவிட்டது.

"ஒரு எடத்துல குந்தவே மாட்டீங்களா? புள்ளைக்கு எத்தன ஸ்கூல்தான் மாத்துறது?" என்று கத்துவேன். நான் அட்டன்காரி, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரித்துவிட்டு வேறெங்கோ விண்ணப்பம் எழுதுவார்.

இரண்டாயிரத்து மூன்றில் மண்சரிவு எச்சரிக்கை வேலை வந்தது. அதில்தான் மனுஷன் முழுதாக விழுந்தார். பிறந்த தோட்டத்திலேயே இருந்துவிட்ட அவருடைய அக்கா ஜீவராணியின் லயம் செங்குத்தான மலைக்கு அடியில் இருந்தது. தோட்டத்து ஆபீசில் காலையில் மழைமானியைப் பார்த்து அளவை அனுப்புவார்கள். நிரல் அதைக் கூட்டி, ஒவ்வொரு மலைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். தோட்டங்களின் பழைய பதிவேடுகளைப் போட்டுச் சோதித்தபோது சில நாட்கள் வெறுமையாக இருந்தன. அங்கெல்லாம் நிரல் முரண்டு பிடித்து நின்றது. நின்றால் இவருக்குத்தான் பொறுக்காதே. வெறுமையாக இருந்தால் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விட்டார்.

மூன்று வருடம் கழித்து, கார்த்திகையில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஜீவராணி அக்கா போன் செய்தார்.

"தம்பி, ராவுலருந்து பேய் மழை. எங்க வீட்டுக் காம்பரா செவுரு வெடிச்சிருக்கு. லயத்துல எல்லாரும் பயப்புடுறாங்க. என்னா செய்ய?"

இவர் கணினியைத் திறந்து பார்த்தார். அந்த மலை பச்சையாக இருந்தது.

"பயப்படாத அக்கா. பச்சைதான் காட்டுது. எல்லாரையும் இருக்கச் சொல்லு."

போனை வைத்துவிட்டு நடந்தார். சன்னல்வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். அரைமணி நேரம் கழித்து அவரே அக்காவுக்குப் போன் போட்டார்.

"ஆபீசுல இன்னைக்கு எவ்வளவு மழைன்னு எழுதியிருக்காங்க, கேட்டுச் சொல்லு."

"ஞாயித்துக்கெழம பெரட்டு ஏதுடா? ஆபீஸ் பூட்டியில்ல கெடக்கு. நாளைக்குத்தான் ரெண்டு நாளுக்கும் சேத்து அளப்பாங்க. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாமலா? இருபது வருடம் அந்தத் தோட்டத்தில், விடியலில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுச் சத்தத்தில் எழும்பியவர். ஞாயிறன்று யாரும் அளக்கவில்லை. அந்த வெறுமையைத்தான் அவர் எழுதிய வரி, மழையே இல்லை என்று கணக்கில் எடுத்திருந்தது. அவர் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அக்கா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு கோயிலுக்கு ஓடு. இப்பவே ஓடு."

அக்கா கதவு கதவாகத் தட்டினார். எல்லோரும் வந்தார்கள், லயத்தின் கடைசி வீட்டுக் காளியாயியைத் தவிர. "ஒந்தம்பி இப்பத்தான் இருன்னான், இப்ப ஓடுங்குறான். போடி, அடுப்புல சோறு கெடக்கு" என்று சிரித்தாராம். நாலரை மணிக்கு மலை இறங்கி, காளியாயியோடு லயத்தை மூடியது.

மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தோம். அக்கா எங்களைக் கண்டதும் அழுதார். காளியாயியின் புருஷன் செல்லசாமி இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பயந்து டவுனுக்குப் போகாமத்தான் இருந்தேன் தம்பி. 'முத்துலிங்கம் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிருச்சு, நீ போயி சாமான் வாங்கிட்டு வா'ன்னு அவதான் அனுப்பிவிட்டா. பொறவு நீங்க ஓடச் சொன்னத அவ கேக்கல. நீங்க என்னா செய்வீங்க?"

இவர் என்ன சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். ஊரே இவரால்தான் பிழைத்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கையைக்கூட அசைக்காமல் நின்றார்.

"மொதல்ல நான் சொன்னது தப்புங்கண்ணே. மழைய அளக்காத நாள, மழை இல்லாத நாள்னு நான்தான் எழுதி வச்சேன்."

செல்லசாமி பிடித்திருந்த கையை விட்டார்.