கதவுக்கு வெளியே நின்ற ஐந்து நிமிடம்

போன வருடம் மழை தொடங்கிய சமயம். பெங்களூரில் லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, ஒன்பது வயதிலிருந்து வலிப்பு நோய். இரண்டு வேளை மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போவதற்குப் பதிலாக இனி போனிலேயே பேசலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அலைச்சல் மிச்சம் என்பதற்காக மட்டுமல்ல. அந்த வாசலில் தெரிந்தவர் யாரும் எங்களைப் பார்க்க மாட்டார்களே! பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று இருக்கிறது. அதனால் பள்ளிக்கூடத்தில்கூட நான் சொல்லவில்லை. அவளையும் சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

எட்டு மாதமாக வராத வலிப்பு, அந்த வாரம் இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறை பல் தேய்க்கும்போது விழுந்து, நெற்றியில் அடி. டாக்டரம்மாவின் போன் வந்ததும் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை, நானே தண்ணீரோடு கையில் கொடுக்கிறேன் என்றும் அடித்துச் சொன்னேன். அப்படியானால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்றவர், சற்று யோசித்துவிட்டு, "பாப்பாகிட்ட போனைக் குடுங்க. நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரியில் எப்போதும் அவளுக்காக நான்தான் பதில் சொல்லுவேன். வெளியே வந்து நின்றேன். சின்ன வீடு, காதில் விழாமல் இருக்குமா?

"காலையில மாத்திரை போட்டா கிளாஸ்ல தூக்கம் வருது டாக்டர். மிஸ் எழுப்பி நிக்க வெக்கிறாங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. ஏன்னு கேட்டா அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அதான் கன்னத்துல அடக்கி வெச்சு பாத்ரூம்ல துப்பிடுவேன்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. மாத்திரையைத் திடீரென விடுவது உயிருக்கே ஆபத்து என்று இருவருக்கும் பொறுமையாக விளக்கினார். அளவைக் கூட்டவில்லை. தூக்கம் குறையும்படி வேளையை மாற்றிக் கொடுத்தார். பிறகு என்னிடம், "ஸ்கூல்ல சொல்லிடுங்கம்மா. அங்க விழுந்தா யாருக்குத் தெரியும் என்ன பண்ணணும்னு?" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அந்த மிஸ், "மொதலே ஹேளபாரதித்தா?" என்றார். முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று. அவர் கண் கலங்கியிருந்தது. என் பெண்ணை முன் பெஞ்சுக்கு மாற்றினார்.

அதன் பிறகு வலிப்பு வரவில்லை. இப்போதெல்லாம் டாக்டரம்மாவின் போனை முதலில் அவள்தான் எடுக்கிறாள். ஆனாலும், ஊரிடம் நான் மறைத்ததைப் பார்த்துத்தான் என் பெண் என்னிடம் மறைக்கக் கற்றுக்கொண்டாள் என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.