சீழ் வராத கட்டு

புண்கட்டுத் துணிகளை மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தாள் செல்லாயி. மலாயாவில், ஈப்போ பட்டணத்திலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எட்டு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. குனிந்தால் நிமிர மறுக்கும் இடுப்போடு அதைச் செய்துகொண்டிருந்தாள். யாருக்குப் புண் ஆறுகிறது, யாருக்கு ஆறவில்லை என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

சீழ் என்றால் என்னவென்று அவளுக்குச் சொன்னவர் அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசர் கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர். மலேரியா பார்க்க அவரிடம் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் உண்டு. புண்ணில் கிருமி புகுந்தால் அவை ஓடிப்போய் அதை விழுங்கும். விழுங்கிவிட்டுத் தாமும் சாகும். அந்தப் பிணங்கள்தான் சீழ் என்று வேலையில்லாத ஒரு மழைநாளில் சொன்னார்.

"அதுகளும் நம்மள மாதிரி கூலிகதானாய்யா?" என்று கேட்டுவிட்டுத் துவைக்கப் போய்விட்டாள்.

இப்போது உள்ளே படுத்திருப்பது அவள் புருஷன் ஐயாவு. தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது மண்வெட்டி கணுக்காலில் இறங்கிவிட்டது. நாலு நாள் கட்டு மஞ்சளாக நனைந்து வந்தது. ஐந்தாம் நாள் காலையில் அவிழ்த்தபோது வெறும் நீர்க்கசிவுதான். காய்ச்சலும் இறங்கியிருந்தது. சாவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றால் சண்டை முடிந்தது என்றுதானே அர்த்தம்? ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிக் காலை வெட்டி எடுக்கவேண்டும் என்று டிரெசர் நீட்டிய தாளில் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள். காலில்லாதவனுக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது. வேலையில்லாதவனுக்கு லயத்தில் வீடு கிடையாது.

கார்த்திகேசு வாதாடவில்லை. ஐயாவுவின் விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் விட்டுக் காயவைத்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"சீழ் இல்லீங்களேய்யா. நல்லதுதான?"

"சீழாகிறதுக்கு ஆள் இருந்தால்தானே, செல்லாயி. முதல்நாள் வெள்ளை அணுக்கள் பார்த்த இடமெல்லாம் நிண்டதுகள். இண்டைக்குத் தேடவேண்டிக் கிடக்கு. வாறதுக்கு உடம்பில ஆள் இல்லை. சிவப்பு முழங்காலுக்கு வந்திட்டுது."

அவள் குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். இளஞ்சிவப்புப் பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, சாயம் ஏறி ஊதாவான புள்ளிகள். எத்தனை நேரம் பார்த்தாலும் கூடவில்லை.

"எடுத்துட்டா பொழைச்சுக்குவாரா?"

"எடுக்காட்டி ரெண்டு நாள். எடுத்தால், பாப்பம்."

கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் வைத்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள். ஐயாவுவின் கை சில்லிட்டிருந்தது. வெளியே மாட்டுவண்டி வந்து நின்ற சத்தத்தில் அவன் கண் திறந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

"அந்தக் கெழட்டு மாட்டையா பூட்டியிருக்கானுங்க? ஈப்போ போய்ச் சேர நாளைக்கு ஆயிரும்லா" என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "யாருக்குடி வண்டி?" என்று கேட்டான்.

செல்லாயி ஆணியில் தொங்கிய அவன் சட்டையை எடுத்து மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனாள்.